அத்தையின் டி.வி. சத்தமும் லோக்கலில் அலறும் ரீல்ஸும்

கேள்வி: மும்பை டோம்பிவிலியில் இருந்து தாதருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். லோக்கல் ரயிலில் லேடீஸ் டப்பாவில் (பெண்கள் பெட்டியில்) ஏறினால் தினமும் யாராவது ஒருவர் இயர்ஃபோன் இல்லாமல் ரீல்ஸை அலற விடுகிறார். வீட்டுக்கு வந்தால் மாமியார் வைத்திருக்கும் சீரியல் சத்தம் லிஃப்ட் வரை கேட்கிறது. குறைக்கச் சொன்னால் அவர் முகம் வாடிவிடுகிறது. நான் ஏதாவது கேட்டால் காதில் விழாத மாதிரி இருப்பார். அவர் மகன் கூப்பிட்டால் மட்டும் உடனே திரும்புவார். போன தீபாவளிக்கு வாங்கிய புது டி.வி.யில் சினிமா போட்டால் அதுவும் சீரியல் மாதிரியே தெரிகிறது. இதற்கு நடுவில் லோன் வேண்டுமா என்று போன் வேறு. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். ‘நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’ என்கிறார் கணவர். கோளாறு என்னிடம்தானா?
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு உங்களிடம் இல்லை. காலையில் நெரிசலில் தொற்றி ஏறி, மாலையில் அதே நெரிசலில் திரும்பி வரும் ஒருத்திக்கு வீட்டு வாசலிலும் சத்தம்தான் காத்திருக்கிறது என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியை என்னால் கடந்து போக முடியவில்லை. நீங்கள் கூப்பிட்டால் அத்தைக்குக் காதில் விழுவதில்லை, மகன் கூப்பிட்டால் திரும்புகிறார் என்கிறீர்கள். அதை ஓரவஞ்சனை என்று எடுத்துக்கொண்டு இத்தனை நாள் மனதுக்குள் புழுங்கியிருக்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம். அத்தைக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறதோ என்று தோன்றுகிறது.

வயதாகும்போது காது ஒரேயடியாக அடைத்துப் போவதில்லை. முதலில் கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள்தான் கைவிட்டுப் போகும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் சுருதி கூடியவை. ஆண் குரல் கீழ்ச்சுருதி, அது கடைசி வரை ஓரளவு கேட்கும். அதனால் பல வீடுகளில் பாட்டிக்கு மகன் பேசுவது புரியும், மருமகளும் பேரக்குழந்தைகளும் பேசுவது புரியாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்றும் நடக்கும். ச, த, ப மாதிரியான மெய்யெழுத்துகளின் ஒலி மெலிந்து, உயிரெழுத்துகளின் ஓசை மட்டும் மிஞ்சும். ‘பசி’ என்றாலும் ‘படி’ என்றாலும் ஒரே மாதிரி விழும். ‘சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். புரியாதபோது கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது. சத்தம் ஏறுகிறது, அப்போதும் வசனம் தெளிவதில்லை.

உங்கள் கணவர் ஏன் ‘அனுசரிச்சுப் போ’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்பதும் இதில் விளங்குகிறது. அவர் பேசினால் அம்மாவுக்குக் கேட்கிறது. வீட்டில் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அதனால் இந்தப் பதிலை முதலில் அவர் படிக்கட்டும்.

நான் மருத்துவர் இல்லை. காதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஈ.என்.டி. டாக்டர்தான். சில சமயம் வெறும் குறும்பி அடைத்திருக்கும், சுத்தம் செய்தாலே பாதி சரியாகிவிடும். இல்லையென்றால் ஆடியோகிராம் எடுப்பார்கள். ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு சுருதியாக ஒலி விட்டு, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று பார்க்கும் சோதனை. வலி கிடையாது. டோம்பிவிலியிலேயே காட்டலாம். மும்பையில் இதற்கென்றே மத்திய அரசின் நிறுவனம் ஒன்றும் இருக்கிறது: பாந்த்ரா ரெக்ளமேஷனில் உள்ள அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம். 1983-இல் தொடங்கியது. தாதரில் இறங்கி வெஸ்டர்ன் லைன் மாறினால் பாந்த்ரா, அங்கிருந்து ஆட்டோ. கருவி தேவை என்றால் சோதனைக்குப் பிறகு அவர் காதுக்கு ஏற்றபடி அளவு வைத்துத்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘காது மெஷின்’ வேண்டவே வேண்டாம். அது மிக்ஸி சத்தத்தையும் பேச்சையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கும், அத்தை ஒரே நாளில் கழற்றி வைத்துவிடுவார்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் டி.வி. மட்டும் இல்லை. காது மந்தமானவர்கள் மெல்ல மெல்லப் பேச்சில் இருந்து ஒதுங்கிவிடுவார்கள். திரும்பத் திரும்ப ‘என்ன? என்ன?’ என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நடு வயதில் தொடங்கும் செவித்திறன் குறைவைக் கவனிக்காமல் விடுவது பிற்கால மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்களில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-லும் 2024-லும் சொல்லியிருக்கிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்போது அத்தையின் முகம் வாடுகிறதே, அவருக்குப் பேச்சுத்துணையாக மிச்சமிருப்பது அந்த சீரியல் ஒன்றுதான் என்பதாலும் இருக்கலாம்.

சோதனை முடியும்வரை டி.வி.யில் செய்ய வேண்டியது சில உண்டு. இப்போது வரும் டி.வி.க்கள் மெலிந்துகொண்டே போவதால் ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இடமில்லை. பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ இருக்கும். போதாததற்கு சீரியலில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடி, ஒவ்வொரு வசனத்துக்கும் அடியில் வயலின். நல்ல காது உள்ளவருக்கே வசனம் பிடிபடுவது கஷ்டம். சவுண்ட் செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’, ‘ஸ்பீச்’, ‘டயலாக்’ என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு மோட் இருக்கும், அதைப் போடுங்கள். பக்கத்திலேயே ‘ஆட்டோ வால்யூம்’ இருந்தால் அதையும். விளம்பரம் வந்தவுடன் வீடு அதிர்கிறதே, அதை இது ஓரளவு அடக்கும். விளம்பரக்காரர்கள் உச்ச சத்தத்தை ஏற்றுவதில்லை. மெல்லிய ஒலிகளையும் இழுத்துப் பிடித்து உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் வால்யூம் எண் மாறாமலே சத்தம் ஏறிவிடுகிறது. விளம்பர ஒலி அளவுக்கு மீறக் கூடாது, ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றெல்லாம் 1994-ஆம் ஆண்டின் கேபிள் டி.வி. விதிகளில் இருக்கிறது. விதி இருந்தும் நம் வீட்டு ரிமோட்டில்தான் நாம் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

இதையெல்லாம்விட நல்ல வழி, டி.வி.யில் இருந்து ஒயர் இழுத்து அத்தை உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பது. ஒலி கிட்டத்தில் இருந்து வந்தால் கொஞ்சம் சத்தமே போதும், லிஃப்ட் வரை போகாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றும். பல டி.வி.க்களில் உதடு முதலில் அசைந்து குரல் பிறகு வரும். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்ளும் ஒருவருக்கு அது பெரிய தொல்லை. ஒயரே நல்லது.

நீங்கள் அவரிடம் பேசும்போது சமையலறையில் இருந்து குரல் கொடுக்காதீர்கள். எதிரே போய், முகம் தெரிய நின்று, ‘அத்தை’ என்று கூப்பிட்டு அவர் பார்த்த பிறகு பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் சொல் இன்னும் குழம்பும், கேட்பவருக்குத் திட்டுகிற மாதிரியும் இருக்கும்.

அப்புறம் ரயில். நானும் சென்ட்ரல் லைன்காரிதான், லேடீஸ் டப்பாவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாலை வண்டியில் மடியில் பையை விரித்துப் பட்டாணி உரிப்பார்கள், நாலாவது ஆளுக்கு நகர்ந்து இடம் கொடுப்பார்கள், எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக் கேட்டு அடுத்த சீட்டைப் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சும் இரைச்சலும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ரயில் தடதடப்பும் பழகிவிடுகிறது, அது ஒரே சீராக ஓடுவதால். ரீல்ஸ் பழகாது. சில நொடிக்கு ஒரு முறை பாட்டு, சிரிப்பு, வசனம் என்று மாறும்போது மனம் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்புகிறது. போன் ஸ்பீக்கருக்குக் கீழ்சுருதி வராது, மனிதக் காது எந்தச் சுருதிக்கு மிகவும் கூர்மையோ அதில்தான் அது கத்தும். உங்களுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதல் ரீலிலேயே கேட்டுவிடுங்கள். முலுண்ட் ஸ்டேஷன் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டால் குரலில் கோபம் ஏறியிருக்கும், அப்புறம் சண்டைதான். ‘தாயீ, ஜரா ஆவாஜ் கமி கரா நா’ (அக்கா, கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்களேன்) என்று மராத்தியில் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் குறைக்க நினைத்தவரும் வீம்புக்குக் குறைக்க மாட்டார். நம் மராத்தி சரியாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், அரைகுறை மராத்தியில் கேட்டால் இன்னும் இளகுவார்கள். மும்பையின் மாநகர பஸ்ஸான பெஸ்ட் பஸ்ஸில் ஹெட்ஃபோன் இல்லாமல் போனில் பாட்டு, வீடியோ போடக் கூடாது என்று 2023 ஏப்ரலிலேயே தடை வந்துவிட்டது. ரயிலில் சக பயணிகளுக்குத் தொந்தரவு தருவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 145-ஆவது பிரிவின்படி குற்றம், 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குப் புகாரும் சொல்லலாம். ஆனால் தினமும் அதே வண்டியில் அதே முகங்களோடு போக வேண்டிய உங்களுக்குச் சட்டத்தைவிட ஒரு ‘தாயீ’ அதிகம் உதவும்.

இரைச்சலை அடைக்கும் இயர்ஃபோன் வாங்குவதானால் உட்கார இடம் கிடைத்த பிறகு மட்டும் போடுங்கள். பிளாட்ஃபாரத்திலும், வாசல் பக்கம் நிற்கும்போதும் கூடாது. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா பக்கம் கூட்ட வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து இறந்தார்களே, அது நீங்கள் தினமும் கடக்கும் தண்டவாளம். அந்த இடத்தில் உங்கள் காது உங்களுக்கு வேண்டும்.

சினிமா சீரியல் மாதிரி தெரிவதற்கு விடை சுலபம். சினிமா நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. புது டி.வி. நடுநடுவே தானாகப் பிரேம்களைச் செருகி அசைவை வழவழப்பாக்குகிறது. பிக்சர் செட்டிங்கில் ‘மோஷன்’ என்ற சொல் வருவதை அணைத்துவிடுங்கள், சில டி.வி.களில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்றே இருக்கும். லோன் கால்களுக்கு 1909 என்ற எண்ணில் டி.என்.டி. (தொந்தரவு செய்யாதே) பதிவு செய்யுங்கள், அதற்குப் பிறகும் அழைத்தால் அதே எண்ணில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. ஐயா, வீட்டுக்கு வந்ததும் உங்கள் மனைவிக்கு அரை மணி நேரம் டி.வி. இல்லாத, யாரும் எதுவும் கேட்காத நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவோடு கீழே இறங்கி ஒரு நடை போய் வாருங்கள், உங்கள் குரல் அவருக்கு நன்றாகக் கேட்கும். டாக்டரிடம் போகும் பேச்சையும் நீங்களே எடுங்கள். மருமகள் சொன்னால் ‘என்னைச் செவிடு என்கிறாள்’ என்று ஆகிவிடும். மகன் ‘அம்மா, உனக்கு சீரியல் தெளிவாகக் கேட்க ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்’ என்றால் கிளம்பிவிடுவார். ஒரு நாள், காலைக் கூட்டம் கலைந்த பிறகு, நீங்களே கூட்டிப் போங்கள். அன்றைக்கு உங்கள் மனைவி வீட்டில் இருக்கட்டும்.