சமூக வலைத்தளங்களை அரசியலே இல்லாமல் வைத்திருக்க முடியாதா? அப்படி வைத்திருப்பதுதானே நல்லது?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிகிறது, நீங்கள் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் குழுவாகத்தான் இருக்கும். சித்தப்பா ஒரு கட்சி, மச்சான் ஒரு கட்சி. நடுவில் நீங்கள் பிள்ளைக்குக் காதுகுத்துப் பத்திரிகை போட்டிருப்பீர்கள். சண்டையில் அது மேலே போய் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலில் 'அரசியலே இல்லாமல் வைக்க முடியாதா' என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அப்படிப்பட்ட குழு ஒன்றில் பல வருஷம் இருந்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. இதைப் படித்துவிட்டு தி.மு.க. ஆள் என்று உபி என்பார்கள், பா.ஜ.க. ஆள் என்று சங்கி என்பார்கள், நாம் தமிழர் ஆள் என்று தம்பி என்பார்கள். மூன்று தரப்பும் திட்டினால் எனக்கு நிம்மதி. ஒரு தரப்பு மட்டும் திட்டினால்தான் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும்.

எங்களுக்குத் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணிப் பாசனம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. பாபநாசத்தில் தண்ணீர் இருந்தால் ஜூன் வாக்கில் கார் என்னும் முதல் போக நெல் சாகுபடிக்குக் கால்வாய்களைத் திறப்பார்கள். அப்புறம் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம் என்னும் அடுத்த போகம். எந்தக் கால்வாய்க்கு எப்போது, எத்தனை நாளைக்கு, எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அரசு உத்தரவு வந்தால்தான் முடிவாகும். அதனால் காலையில் எழுந்ததும் அணை நிலவரம் தெரிந்தாக வேண்டும். அதற்காகத் தொடங்கிய குழு அது. அட்மின் ஓர் உரக்கடைக்காரர். பெயர் வேண்டாம். குழுவின் பெயருக்குக் கீழேயே எழுதி வைத்திருந்தார்: 'விவசாயம் மட்டும். அரசியல் பதிவுகளுக்கு அனுமதி இல்லை.'

படிக்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன், எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒரு வருஷம் ஜூன் பாதி தாண்டியும் கால்வாயில் தண்ணீர் வரவில்லை. கால்வாய் முடியும் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், எல்லாருக்கும் மாமா, தன் நாற்றங்காலைப் படம் எடுத்துப் போட்டார். நாற்று நுனி சருகாகி, பாத்தி ஓரம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கீழே ஒரே வரி: 'அணையில தண்ணி கெடக்கு, கால்வாய்ல ஏன் விடல, யார்ட்ட கேக்கணும்?'

டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த இடத்தில் 'இந்தச் செய்தியை அட்மின் நீக்கிவிட்டார்' என்று கிடந்தது. மாமா விடவில்லை, கடைக்கே போய்விட்டார். நானும் கூடப் போனேன்.

"ஏன் அண்ணாச்சி எடுத்துட்டிய? தண்ணியப் பத்தித்தான கேட்டேன்?"

"தண்ணியப் பத்தி போடும், வேண்டாங்கல. ஏன்னு கேட்டா அது அரசியல் ஆயிரும்லா. நாளைக்கு மந்திரி வாராவ. எதுக்கு வம்பு?"

அதே நாள் காலையில் ஒரு வட்டாரக் கட்சிப் பிரமுகரின் பிறந்தநாள் ஃபிளக்ஸ் படம் குழுவில் வந்திருந்தது. வேட்டி, மோதிரம், பின்னால் சிங்கம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. அதை யாரும் நீக்கவில்லை. கேட்டதற்கு, "அது வாழ்த்துலா" என்றார் அண்ணாச்சி.

அன்றிலிருந்து இந்த விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். ஃபிளக்ஸ் அரசியல் இல்லை. நாற்றங்கால் அரசியல். 'சாதனை விளக்கக் கூட்டம், அனைவரும் வருக' அறிவிப்பு. 'ஊராட்சிக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கவில்லை' அரசியல். யூரியா சங்கதி இன்னும் மோசம். 45 கிலோ மூட்டையில் 266 ரூபாய் 50 காசு என்று அச்சடித்திருக்கும். கடைக்குப் போனால் யூரியாவுடன் ஏதாவது நுண்ணூட்ட டப்பாவையும் தலையில் கட்டுவார்கள், அது இல்லாமல் மூட்டை இல்லை. ஒரு பையன் இந்த ரசீதைப் படம் எடுத்துப் போட்டான். அரசியல் என்று அதுவும் போனது. அட்மின் உரக்கடைக்காரர் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு ஜூலை 23-ம் இதே கதைதான். 1999-ல் அந்த நாளில், கூலி உயர்வு கேட்டும் கைதானவர்களை விடச் சொல்லியும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி, பலர் ஓடித் தாமிரபரணியில் விழுந்தார்கள், 17 பேர் செத்தார்கள். எங்கள் வயலுக்கு வரும் அதே ஆறு. அஞ்சலி என்று ஒரு மெழுகுவத்திப் படம் போட்டால்கூட எடுத்துவிடுவார். செத்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல முடியாதே, அதனால் அது அரசியல்.

பெரிய கம்பெனிகள் உரக்கடை அண்ணாச்சியைவிட நியாயமாக நடக்கும் என்று நினைக்கிறீர்களா? 2019 அக்டோபரில் ட்விட்டர் இனிமேல் அரசியல் விளம்பரமே கிடையாது என்றது. உடனே ஒரு கேள்வி வந்தது: பூமி சூடாகிறது என்று ஓர் அமைப்பு விளம்பரம் கொடுத்தால் அது அரசியல், எண்ணெய்க் கம்பெனி தன் எண்ணெயை விளம்பரம் செய்தால் வியாபாரமா? கம்பெனி விளக்கம் சொல்லி, விதியைக் கொஞ்சம் நெகிழ்த்த வேண்டியதாயிற்று. கம்பெனி கைமாறியதும் 2023 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாட்டையே தளர்த்த ஆரம்பித்தார்கள். மெட்டா 2024 பிப்ரவரியில், இன்ஸ்டாகிராமிலும் த்ரெட்ஸிலும் நீங்கள் பின்தொடராதவர்களின் அரசியல் பதிவுகளை நாங்களாகக் கொண்டுவந்து காட்ட மாட்டோம் என்றது. எது அரசியல் என்று கேட்டால் தேர்தல், சட்டம், சமூக விஷயங்கள் என்று பதில். சமூக விஷயம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது, பூனை வீடியோதான். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. 2025 ஜனவரியில், அமெரிக்காவில் புது அதிபர் பதவியேற்கப் போகும் நேரமாகப் பார்த்து, அரசியலைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றார்கள். அரசியலை வெளியே நிறுத்துவதும் உள்ளே கூப்பிடுவதும் ஆட்சி மாறும் தேதியை ஒட்டியே நடக்கிறது என்றால் அதை நான் என்னவென்று சொல்ல?

சரி, வேண்டாம், நெல் விலையை மட்டும் பேசுவோம் என்று வையுங்கள். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்தது சாதா ரகம் குவிண்டாலுக்கு 2369 ரூபாய், சன்ன ரகம் 2389. அதன் மேல் மாநில அரசின் ஊக்கத்தொகை 131, 156. ஆக 2500, 2545. அந்த 2500 என்ற எண்ணே 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியில் வந்த எண். டீக்கடையில் ஒருத்தன் "நெல்லு என்ன வெலடே போவுது?" என்று கேட்டால், பதிலுக்குள் டெல்லியும் இருக்கிறது, சென்னையும் இருக்கிறது, ஒரு தேர்தலும் இருக்கிறது. இதில் அரசியலைப் பிரித்து எடுத்துவிட்டு விலையை மட்டும் எப்படிச் சொல்வது?

விலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த 2500 ரூபாய் கைக்கு வருவது வேறு கதை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அறுவடை மிஷினில் அறுத்த நெல்லைக் காயவைக்கக் களம் கிடையாது, ரோட்டில்தான் பரப்ப வேண்டும், பரப்பினால் பஸ்காரன் திட்டுவான். காயவைத்துக் கொண்டுபோனால் சாக்கு இல்லை, நாளை வா. நாளைக்குப் போனால் லோடு ஏறவில்லை, மறுநாள் வா. ராத்திரி மழைக்குத் தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல்லை வைத்து, கூடவே காவலும் இருக்க வேண்டும். எடை போடும்போது 40 கிலோ சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு ரசீது கிடையாது, 'கூலி' என்று பெயர். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அடுத்த போகத்துக்கும் அங்கேதான் போயாக வேண்டும். வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறான் என்றால், காரணம் இதுதான். சோம்பேறி விவசாயி என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஒரு ராத்திரி அந்தத் தார்ப்பாய் பக்கத்தில் வந்து படுக்கட்டும்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 'அரசியலை எடுத்துவிட்டால் விஷம் போய்விடும்' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே அடித்துக் கொன்றது. அந்த வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதில் கட்சி இல்லை, கொடி இல்லை, தலைவர் இல்லை. 'உஷார், எல்லாருக்கும் பகிருங்கள்' மட்டும்தான். நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான் அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்அப் மாற்றியது. எங்கள் அண்ணாச்சியின் விதிப்படி அந்த வதந்தி தாராளமாக உள்ளே வந்திருக்கும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய விஷம் இன்னொன்று, சாதி ஸ்டேட்டஸ். அரிவாள் படம், வம்சப் பெருமைப் பாட்டு, குருபூஜைக்குக் கிளம்பும் வண்டி வீடியோ. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை அவனுடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகும் இந்த ஸ்டேட்டஸ் நிற்கவில்லை. சாதி மோதலைத் தூண்டும் பதிவுகளுக்கு இங்கே போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் குழுவில் அது அரசியல் கணக்கில் வராது. 'பண்பாடு' என்பார்கள். அதைக் கண்டித்து நீங்கள் ஒரு வரி எழுதினால் அதுதான் அரசியல்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் மட்டும் அந்த விதி கொஞ்ச நாள் மூழ்கியது. 17, 18 தேதிகளில் வானம் பிளந்து ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள், எந்தக் குளக்கரை கசிகிறது, எந்தப் பாலத்தில் போக முடியாது என்று குழுவில் ராத்திரி முழுக்கத் தகவல். அண்ணாச்சியே டார்ச் அடித்து மதகை வீடியோ எடுத்துப் போட்டார், அதை மறுக்க மாட்டேன். தண்ணீர் வடிந்தது. அடுத்து நிவாரணம். எந்தத் தாலுகாவுக்கு 6000 ரூபாய், எந்தத் தாலுகாவுக்கு 1000, பயிர் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 என்றார்களே, கணக்கு எடுக்க யார் வருவார்கள் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்ததும் பழைய வரி திரும்ப வந்தது: 'நண்பர்களே, அரசியல் வேண்டாம்.'

'அப்படியானால் எல்லா இடத்திலும் கட்சிச் சண்டை நடக்கட்டும் என்கிறாயா' என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஒரே வரியை நூறு கணக்கில் போடும் ஐடி விங் கூட்டத்தை எனக்கும் பிடிக்காது. ஒரு பெண் பட்ஜெட் பற்றி எழுதினால் அவள் படத்தை எடுத்து அசிங்கம் செய்கிறவன் பேசுவதை அரசியல் என்று நான் சொல்ல மாட்டேன். வசவு, பொய், மிரட்டல் இதையெல்லாம் தடுக்க விதி போடுங்கள், நானும் கைதட்டுகிறேன். உங்கள் குடும்பக் குழுவில் தேர்தல் பேச்சே கூடாது என்று அத்தை சொன்னால் அதுவும் நியாயம், அது அத்தை வீட்டுத் திண்ணை. உங்கள் போனில் நீங்கள் மியூட் செய்வதும் உங்கள் உரிமை, மச்சானிடம் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் கோடிப் பேர் புழங்கும் தளத்தில் இதை விதியாக்கச் சொன்னால், எது அரசியல் என்று முடிவு செய்யும் வேலையை ஒருத்தர் கையில் கொடுக்கிறீர்கள். அவருக்கும் ஒரு கடை இருக்கும்.

மாமாவும் நானும் இன்னும் சில பேரும் இப்போது தனிக் குழு வைத்திருக்கிறோம். கேட்க வேண்டியதைக் கேட்கலாம், எந்தக் கட்சியையும் குறை சொல்லலாம், வசவு கூடாது. ஃபார்வர்டு போட்டால் எந்த ஊர், எந்தத் தேதி என்று சேர்த்துப் போட வேண்டும். யாருடைய பிறந்தநாள் ஃபிளக்ஸும் கூடாது. முதல் இரண்டுக்கும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதுக்குத்தான் அத்தனை பேர் கோபித்துக்கொண்டு வெளியே போனார்கள். போனவர்களில் இரண்டு பேர் எனக்குச் சொந்தம், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.