பிஒய்சி ஃபைல் ஏன் லோட் ஆகவில்லை? பைத்தான் கேள்வி-பதில்

ராயபுரம் வாசகர்: சார், எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில்லிங் புரோகிராம் எழுதினேன். சோர்ஸை, அதாவது நான் எழுதிய மூலக் கோடைக் கொடுக்க மனசில்லை. பைத்தான் அதை மொழிமாற்றிச் சேமிக்கும் பிஒய்சி (.pyc) ஃபைல்கள் இருக்கும் பைகேஷ் (__pycache__) ஃபோல்டரை மட்டும் கடை கம்ப்யூட்டரில் போட்டேன். மாட்யூலே (கோடு ஃபைலே) இல்லை என்கிறது!

சோர்ஸ் ஃபைல் கண்ணில் பட்டால்தான் பைத்தான் அந்த ஃபோல்டர் பக்கமே போகும். 2011-ல் பைத்தான் 3.2 வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். சோர்ஸ் இல்லாமல் ஓட வேண்டுமென்றால், சோர்ஸ் இருந்த இடத்திலேயே பிஒய்சியை வையுங்கள்; பெயரில் 'cpython-311' போன்ற வெர்ஷன் ஒட்டு இருக்கக் கூடாது. பைத்தானோடு வரும் கம்பைல்ஆல் (compileall) மாட்யூலை 'மைனஸ் பி' (-b) சேர்த்து ஓட்டினால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடும்.

அடுத்து வரப்போகும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பைத்தான் 3.11, கடையில் 3.12 என்றால் 'பேட் மேஜிக் நம்பர்' என்று நின்றுவிடும். ஃபைலின் முதல் 4 பைட் அந்த வெர்ஷனுக்கான அடையாளம். அதில் கடைசி 2 பைட், கேரேஜ் ரிட்டர்னும் நியூலைனும்; இரண்டும் வரி முடிவுக் குறிகள். டெக்ஸ்ட் ஃபைல் என்று நினைத்து ஏதாவது சாஃப்ட்வேர் வரி முடிவுகளை மாற்றிக் காப்பி செய்தால், ஃபைல் கெட்டது அங்கேயே பிடிபடும். அழகான ஏற்பாடு!

ரகசியம் காக்க மட்டும் பிஒய்சியை நம்பாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை கோடில் எழுதியிருந்தால், நோட்பேடில் திறந்தாலே தெரிந்துவிடும்.

வியாசர்பாடி மாணவி: கோடைத் திருத்திய பிறகும் பழையதே ஓடுகிறதே?

பெரும்பாலும் பழைய புரோகிராமை இன்னும் மூடியிருக்க மாட்டீர்கள். ஒரு முறை இம்போர்ட் ஆன (புரோகிராமுக்குள் ஏற்றப்பட்ட) மாட்யூலை பைத்தான் மறுபடி படிக்காது. மூடிவிட்டு ஓட்டுங்கள். அபூர்வமாக இன்னொன்றும் நடக்கும். பிஒய்சி, சோர்ஸின் திருத்த நேரத்தை நொடிக்கணக்கிலும் அளவை பைட்டிலும் குறித்து வைக்கிறது. அதே நொடியில் 5-ஐ 8 ஆக்கினால் இரண்டுமே மாறாது; பழைய பிஒய்சியே சரி என்று பைத்தான் நினைத்துக்கொள்ளும். பைகேஷை அழித்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

பெரம்பூர் வாசகர்: பிஒய்சி இருந்தால் புரோகிராம் வேகமாக ஓடுமா?

ஓடாது. தொடங்கும் நேரம்தான் குறையும்.

தண்டையார்பேட்டை வாசகர்: மழைத்தண்ணீரில் கம்ப்யூட்டர் போய்விட்டது. பென்டிரைவில் பிஒய்சி மட்டும் மிச்சம். மீட்க முடியுமா?

கணிசமாக முடியும். முதலில் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். பைத்தான் 3.7 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் முதல் 16 பைட்டைத் தாண்டி, அதே வெர்ஷன் பைத்தானில் உள்ளடக்கத்தைப் படிக்கும் மார்ஷல் (marshal) மாட்யூல் மூலம் படித்து, கட்டளைகளைப் பட்டியலிடும் டிஸ் (dis) மாட்யூலில் விரித்துப் பாருங்கள். ஃபங்ஷன், வேரியபிள் பெயர்கள், எழுத்துச் சரங்கள், வரி எண்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும். வரி எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திரும்ப எழுதலாம். கமெண்ட்டுகள் மட்டும் போனது போனதுதான். கணக்கு முறையை ஏன் அப்படி வைத்தீர்கள் என்பதை நினைவிலிருக்கும்போதே எழுதிவிடுங்கள்.