மரம் வாங்கும்போதும் வரி, மேஜை விற்கும்போதும் வரியா?

கேள்வி: சிறிய மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். அண்மையில்தான் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு செய்தேன். மரம் வாங்கும்போதே வரி கொடுக்கிறேன், மேஜை விற்கும்போதும் வரி கட்டச் சொல்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி கட்டுவது நியாயமா? ஒருவர் மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறார், அந்த பில்லுக்கும் வரி உண்டா? பேசாமல் பதிவையே ரத்து செய்துவிடலாமா?

பதில்: இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. மரத்துக்குக் கொடுத்த வரியைக் கழிக்காமல், மேஜைக்கு வசூலித்த வரி முழுவதையும் கட்டிக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். வரிமேல் வரி விழாமல் தடுக்கத்தான் இந்த முறையே வந்தது. 1954-இல் பிரான்ஸில் தொடங்கிய மதிப்புக் கூட்டு வரி, இன்று 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. விகிதமும் தாக்கல் தேதியும் நாட்டுக்கு நாடு மாறும். கணக்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு மரம் வாங்கும்போது 10 வரி கொடுக்கிறீர்கள். அதில் செய்த மேஜையை 250-க்கு விற்று, வாங்குபவரிடம் 25 வரி வசூலிக்கிறீர்கள். அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டியது 25 அல்ல, 15. ஏற்கெனவே கொடுத்த 10 உங்களுக்கு வரவு. இதைத்தான் உள்ளீட்டு வரி வரவு என்கிறோம். உங்கள் உழைப்பால் கூடிய மதிப்பு 150, அதில் 10 சதவீதம் 15. சரியாக வருகிறதா?

ஆனால் அந்த 10-ஐக் கழிக்க முறையான வரி பில் கையில் இருக்க வேண்டும். விற்றவரின் வரிப் பதிவு எண், பில் எண், தேதி, தனியாகக் காட்டிய வரித்தொகை, இவை இல்லாத துண்டுச்சீட்டை அதிகாரி ஏற்க மாட்டார். உண்மையாகவே வரி கொடுத்திருந்தும் பில் சரியில்லாததால் வரவை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இன்னொன்று: பதிவு செய்த நாளில் பட்டறையில் இருந்த சரக்குக்கு முன்பே கொடுத்த வரியையும் பல நாடுகளில் கேட்டுப் பெறலாம். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

விலை பேசும்போதும் கவனம் வேண்டும். வரியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "மேஜை 250" என்று ஒப்புக்கொண்டால், பல நாடுகளின் சட்டப்படி அந்த 250-க்குள்ளேயே வரி அடக்கம். அதே 10 சதவீதம் என்றால், விலை 10 பங்கு, வரி 1 பங்கு, ஆக 11 பங்கு. 250-ஐ 11-ஆல் வகுத்தால் 22.73, அது உங்கள் கையிலிருந்து போகும். "வரி தனி" என்று எழுத்தில் வைத்துவிடுங்கள்.

பாக்கிக்கு வருவோம். பொதுவாக, பில் போட்டதுமே வரிப் பொறுப்பு வந்துவிடும், பணம் வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வழியும் இருக்கிறது. விற்பனை குறைவாக உள்ள தொழில்களுக்கு, பணம் வந்த பிறகே வரி கட்டும் ரொக்க அடிப்படைக் கணக்கைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. அதற்கு நீங்கள் தகுதியா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், குறிப்பிட்ட காலம் கடந்தும் வராத கடனுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் வசதி சில சட்டங்களில் உண்டு. அதற்கு நீங்கள் வசூலிக்க முயன்றதைக் காட்ட வேண்டும், ஆகவே இன்றே அவருக்கு எழுத்தில் நினைவூட்டல் அனுப்புங்கள்.

பதிவை ரத்து செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் ஆண்டு விற்பனை, பதிவு கட்டாயமாகும் வரம்புக்கு மேல் இருந்தால் அந்தத் தேர்வே உங்களுக்குக் கிடையாது. வரம்புக்குக் கீழே இருந்தாலும், ரத்தானதும் மரத்துக்குக் கொடுக்கும் வரி முழுவதும் உங்கள் செலவாகிவிடும். உங்களிடம் வாங்கும் நிறுவனங்களுக்கும் வரவு கிடைக்காது, அவர்கள் வேறு பட்டறையைத் தேடுவார்கள். ரத்து செய்த பிறகு பழக்கத்தில் பில்லில் வரி போட்டால் பல நாடுகளில் அதுவே குற்றம். வாங்குபவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வாங்குபவர்கள், உங்கள் மூலப்பொருள் செலவும் குறைவு என்றால் மட்டும் ரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வசூலிக்கும் வரிக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, மேஜைக்குப் பணம் வந்த அன்றே வரிப் பங்கை அதில் போடுங்கள். கூலிக்கும் வாடகைக்கும் அதைத் தொட வேண்டாம். அப்புறம், அடுத்த தாக்கலுக்கு முன் கொள்முதல் பில்களை எல்லாம் எடுத்து வைத்து, பதிவு எண் இல்லாதவற்றை மரக்கடைக்காரரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிவிடுங்கள்.