சலிப்பு வந்தபின் என்ன விளையாடுவது? – ஞாயிறு கேள்வி பதில்

தொண்டி முதல் இராமேசுவரம் வரையுள்ள விளையாட்டு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இன்று மாலை முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நான் மண்டபத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். ஆறு கணினிகளில் பிள்ளைகள் விளையாடியதை அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததே என் படிப்பு. வாழ்க்கையைப் பாவனை செய்யும் விளையாட்டுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்; துப்பாக்கி விளையாட்டுகள் எனக்குத் தெரியாது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் சிம்ஸ் 4 விளையாட்டு இலவசமாகக் கிடைக்கிறது என்று இறக்கினேன். வீடு, வேலை, பதவி உயர்வு, திருமணம் எல்லாம் முடிந்தன. மூன்றாம் வாரமே சலித்துவிட்டது. எனக்கான குறிக்கோளை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் சென்டரில் ஒரே கணினியில் ஒரே சிம்ஸ் குடும்பத்தை மூன்று பேர் மாறி மாறி நடத்தினார்கள். முதலாமவன் உட்கார்ந்தவுடன் சுவரை இடித்து ஒரு கட்டம் தள்ளி வைப்பான். அடுத்தவன் நீச்சல் குளத்தின் ஏணியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பவர் என்ன ஆகிறார் என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாவதாக வரும் பெண், எந்த வீட்டாருக்கும் எந்த வீட்டாருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இவர்களில் ஒருவர்கூட என்னிடம் குறிக்கோள் கேட்டதில்லை, ஏனென்றால் கை தானாகப் போன இடத்திலேயே அவர்களுடைய ஆட்டம் இருந்தது. நீங்கள் இதுவரை முடித்தது விளையாட்டு தந்த பட்டியல். உங்கள் கை எங்கே போகிறது என்று இன்னும் கவனிக்கவில்லை. மூன்று நாள் மாலை, எதையும் திட்டமிடாமல் ஒரு மணி நேரம் விளையாடி, எதை அடிக்கடித் திறந்தீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள்.

அதன்பின் உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியை எடுத்துவிட்டால், பாட்டிகூட ஆட வரமாட்டாள். சிம்ஸில் தனி ஆளுக்குத் தொடக்கத்தில் 20,000 சிமோலியன் (அந்த விளையாட்டின் பணம்) கிடைக்கிறதல்லவா? அதில் பெரும்பகுதியை வெற்று மனைக்கே கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகாமல், மீன்பிடித்தும் தோட்டம் போட்டும் மட்டுமே ஒருவரை வாழவைத்துப் பாருங்கள். ஒரே வாரிசின் வழியாகப் பத்துத் தலைமுறை நடத்தும் சவாலும் உலகம் முழுவதும் ஆடப்படுகிறது; அந்த விதிகளை வகுத்தவர்கள் விளையாடுபவர்கள்தாம், நிறுவனம் அல்ல.

ஓர் எச்சரிக்கை, இதை இன்று பலமுறை சொல்வேன்: முதல் குடும்பத்தில் 'மதர்லோட்' என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டாதீர்கள். ஒரு தட்டுக்கு 50,000 வரும், இரண்டாம் நாளே ஆசை போய்விடும்.

தேவிபட்டினத்திலிருந்து: என் மடிக்கணினியில் சிம்ஸ் ஓடுமா?

விளையாட்டின் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பார்கள், உங்கள் கணினியோடு ஒப்பிடுங்கள். ஓடினால், சேமித்த கோப்புக்கு வாரம் ஒரு படி எடுத்து வையுங்கள். நம் ஊர் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

இராமேசுவரத்திலிருந்து: நான் சிம்ஸில் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை நான்கு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு குடும்பத்தைக்கூடக் குடிவைத்ததில்லை. தவறாக விளையாடுகிறேனா?

இல்லை. சிம்ஸை உருவாக்கிய வில் ரைட், 1991இல் ஓக்லாந்து தீவிபத்தில் வீட்டை இழந்தவர். மறுபடியும் வாழத் தொடங்குவதற்கு எவையெல்லாம் உண்மையில் தேவை என்று பொருள் பொருளாக எண்ணிப் பார்த்ததிலிருந்துதான் அந்த விளையாட்டின் கரு கிடைத்தது. முதலில் அது வீடு கட்டும் விளையாட்டாகவே இருந்தது. மனிதர்கள் அந்த வீடு வாழத்தக்கதா என்று மதிப்பெண் போடுவதற்காக உள்ளே விடப்பட்டவர்கள். 2000இல் வெளிவந்தபோது அந்த மனிதர்களே விளையாட்டாகிவிட்டார்கள். ஆகவே நீங்கள் மூலத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியையும் பக்கத்து மனையில் எழுப்பிப் பாருங்கள். அங்கே ஓர் ஸ்டேஷன் மாஸ்டர் வீடு கட்டும்போது, அதில் ஆள் இல்லாமல் உங்களுக்கே பொறுக்காது என்பது என் ஊகம்.

உச்சிப்புளியிலிருந்து: விளையாடுபவர்களைப் பார்ட்டில் என்பவர் பிரித்த நான்கு வகைகளில் நான் எந்த வகை?

ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதியது, பலர் சேர்ந்து ஆடும் எழுத்து வடிவ உலகங்களைப் பற்றி. தனியாக உட்கார்ந்து கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றுபவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை அல்ல. முதல் பதிலில் சொன்ன நோட்டைத் தொடங்குங்கள்.

சாயல்குடியிலிருந்து: பண்ணை விளையாட்டான ஸ்டார்டியூ வேலியில், பண்ணையை நமக்கு விட்டுச்சென்ற தாத்தா மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் வந்து மதிப்பிடுவார் என்று படித்ததிலிருந்து, ஒவ்வொரு நாளையும் கணக்குப் போட்டே ஆடுகிறேன். நிம்மதி போய்விட்டது. நாங்கள் வீட்டில் குண்டு மிளகாய் போடுகிறவர்கள். விளையாட்டிலும் அதே கவலைதானா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. மொத்தம் 21 புள்ளிகள். 12 எடுத்தாலே தாத்தாவின் சன்னிதியில் நான்கு மெழுகுவத்திகளும் எரியும், அதுவே முழு மதிப்பு. அன்று குறைந்துபோனாலும், அந்தச் சன்னிதியில் ஒரு வைரத்தை வைத்தால் தாத்தா மறுபடியும் மதிப்பிடுவார், எத்தனையாவது ஆண்டானாலும் சரி. அது கெடு இல்லை. கெடு போலத் தோன்றும்படி எழுதப்பட்ட ஒரு கடிதம், அவ்வளவுதான். உங்கள் வீட்டு மிளகாய் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுவது. மழை பொய்த்தால் அந்த ஆண்டு போயிற்று. விளையாட்டில் பருவம் 28 நாள் என்பது மாறவே மாறாது, மிளகாய் கோடையில் ஐந்தே நாளில் காய்க்கும். நிச்சயமான மழையை வைத்துக்கொண்டு கவலைப்படுவது வீண். வழிகாட்டிப் பக்கங்களை ஒரு பருவம் முழுவதும் திறக்காமல் இருங்கள். அடுத்த எச்சரிக்கையும் இதுவே: முதல் ஆண்டை அட்டவணை பார்த்து ஆடுகிறவர் வேறொருவரின் ஆண்டை ஆடுகிறார்.

பாம்பனிலிருந்து: அதே விளையாட்டில் எனக்கு மீனே சிக்குவதில்லை. வெளியே சொன்னால் ஊரில் சிரிப்பார்கள்.

விளையாட்டில் வரும் வில்லியின் மீன் கடையில் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும். சாதாரண மீன் மட்டுமே படும், ஆனால் கை பழகும். ஊரில் நான் சொல்லமாட்டேன்.

ஏர்வாடியிலிருந்து: அண்ணே, 4 ஜிபி ராம் உள்ள கணினியில் ஓடுமா?

தேவிபட்டினத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பாம்பனிலிருந்து மற்றொருவர்: விசைப்படகில் வேலை செய்கிறேன். காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. மீன் இறக்கி, வலையைப் பார்த்துவிட்டுத் தூங்கி எழுந்து, இரவு 11 மணிக்கு, கருவியின் கடிகாரத்தோடு ஓடும் தீவு விளையாட்டான அனிமல் கிராசிங்கைத் திறந்தால் அங்கே கடை பூட்டியிருக்கிறது. அதனால் கருவியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறேன். நண்பர்கள் இதைக் கள்ளாட்டம் என்கிறார்கள்.

அனிமல் கிராசிங்கின் நியூ ஹரைசன்ஸ் பதிப்பில் கடை காலை 8 முதல் இரவு 10 வரை. பூட்டியபின், விற்கும் பொருளை வெளியே உள்ள பெட்டியில் போட்டால் 80 விழுக்காடு விலைதான் கிடைக்கும்; உழைப்பவருக்கு அது அநியாயம். ஆனால் அன்றாடம் முன்னும் பின்னும் திருப்பாதீர்கள், கடிகாரம் பின்னால் போனால், லாபத்துக்கு விற்க வாங்கி வைத்த டர்னிப் கிழங்கு அழுகிவிடும். ஒரேயடியாக 6 மணி நேரம் பின்னே வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அது உங்கள் தீவின் நேரம்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, இதை நான் ஏற்கமாட்டேன். காத்திருப்பதுதான் அந்த விளையாட்டே. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பி, ஜூன் 15 ஆக்கிவிட்டு வலை போட முடியுமா?

பாம்பன்காரர்: தடைக்காலத்தில் மீன் குஞ்சு பொரிக்கிறது. என் தீவில் கடை பூட்டியிருப்பதால் எது பெருகுகிறது?

இதற்கு மேல் நான் என்ன எழுத? ஆனாலும் கீழக்கரைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தீவில் உள்ள அருங்காட்சியகத்தை நிரப்ப 80 வகை மீன், 80 வகைப் பூச்சி, 40 வகைக் கடலுயிர் வேண்டும். அவை மாதம் பார்த்து வருபவை. கடிகாரத்தை மாதம் மாதமாகத் தள்ளி எல்லாவற்றையும் சில வாரங்களில் நிரப்பிவிட்டு, பிறகு தீவையே திறக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சின்னப்பாலத்திலிருந்து ஒரு சகோதரி: குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எங்கள் ஊரில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களே கட்டு வைத்துக்கொண்டார்கள். அடுத்தவர் வந்து வைத்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

நான் மாலை முழுவதும் சுற்றிச் சுற்றி எழுதுவதை இந்தச் சகோதரி இரண்டு வரியில் எழுதிவிட்டார். பாம்பன்காரர் வைத்த கட்டு அவருடைய வேலை நேரத்துக்கு ஏற்றது. கீழக்கரைத் தம்பியின் கட்டு அவருடைய பொறுமைக்கு ஏற்றது. ஒருவருடைய கட்டை மற்றவருடைய தீவில் நாட்ட வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: ஏற்கவில்லை. ஆனாலும் சரி.

தொண்டியிலிருந்து ஒரு தாய்: என் மகள் நாள் முழுக்க வீட்டுக்குத் திரைச்சீலை மாற்றிக்கொண்டே இருக்கிறாள். முன்னேற்றமே இல்லை. எத்தனை மணி நேரம் விளையாட விடலாம்?

திரைச்சீலை மாற்றுவதுதான் அவளுடைய ஆட்டம்; முன்னேற்றத்தை அதில் தேடாதீர்கள். மணி நேரக் கணக்கு என் துறை அல்ல, குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து: என் அண்ணனின் பழைய கணினியில் சிம்ஸ் ஓடுமா?

இது மூன்றாவது. அண்ணனைக் கேளுங்கள். ஓடினால் மதர்லோட் தட்டாதீர்கள்.

பாம்பன்காரர்: அண்ணே, 6 மணி நேரம் பின்னே வைத்துவிட்டேன். தீவில் இப்போது மாலை 5 மணி, கடை திறந்திருக்கிறது. ஆனால் விளையாட்டில் கையில் காசு இல்லை, தீவு வீட்டுக் கடன் வேறு நிற்கிறது.

அந்தக் கடனுக்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. தூண்டில் வைத்திருக்கிறீர்களல்லவா?