தொண்டை நோவுக்குப் பிறகு பிள்ளை திடீரென்று மாறினால், பாண்டாஸ் ஆய்வுகளைப் பெற்றோர் எப்படி வாசிப்பது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழு வயது மகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து மாறி இரண்டு கிழமை. ஒருநாள் விடியும்போது வேறு பிள்ளையாக எழும்பினாளாம். ஓயாமல் கை கழுவுகிறாள், தாயை விட்டு ஒரு அடி நகர்கிறாள் இல்லை. இணையத்தில் தேடினால் பாண்டாஸ் என்று வருகிறது. ஒரு ஆய்வு அப்படி ஒரு நோய் இருக்கிறது என்கிறது, இன்னொன்று சந்தேகம் என்கிறது. எதை நம்புவது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் வைத்தியர் இல்லை. இலங்கையின் கிழக்கில் திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் இதே போல என் மகனுக்கு வந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது.

மார்கழி மழை நேரம். கடற்கரை ஊர்ப் பிள்ளை, மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "அப்பா, முள்ளு தொண்டையில நிக்குது" என்றான். முள் இல்லை. அடுத்த நாள் மீனை விட்டான், அதற்கடுத்த நாள் சோற்றையும் விட்டான், பிறகு எச்சிலைக்கூட விழுங்கப் பயந்து துப்பத் தொடங்கினான். எப்போதோ நின்றுபோன படுக்கையில் சலம் போகிற பழக்கம் திரும்பி வந்தது. இரவில் நாற்பது தடவை ஒரே கேள்வி: "நான் ஆருக்கும் கெடுதல் செஞ்சிட்டனா அப்பா?"

மாமியார், "முதல்ல கழிப்புக் கழிப்பம், மறுகா ஆசுபத்திரிக்குப் போவம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே இரவில் பிள்ளை இப்படி மாறினால் எங்கள் ஊரில் யாருக்கும் முதலில் ஏதோ தீயது பிடித்துவிட்டது, அதைக் கழிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வரும். ஆனால் ஒன்பது நாள் போய்விட்டது. முதலில் பார்த்த வைத்தியர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் என்று சொல்லி அனுப்பினார். அவன் அப்போது மூன்றாம் ஆண்டு.

அந்த நாட்களில்தான் நானும் உங்களைப் போல இரவிரவாக வாசித்தேன். வாசித்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

பாண்டாஸ் என்ற பெயர் 1998இல் வந்தது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோ என்ற வைத்தியரும் கூட வேலை செய்தவர்களும் 50 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) என்ற தொண்டைக் கிருமி வந்து போன பிறகு, ஓ.சி.டி எனப்படும் விடாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்கிற பழக்கமும், அல்லது தன்னையறியாமல் கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது போன்றவையும் அந்தப் பிள்ளைகளுக்குத் திடீரென்று தொடங்கியிருந்தன. கிருமியை அடிக்க உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருள், ஆள் மாறாட்டத்தில் மூளையின் அடிப்பகுதி உயிரணுக்களையும் தாக்குகிறது என்பது அவர்களுடைய கருத்து. 2012இல் பான்ஸ் என்று இன்னொரு பெயர் வந்தது. அதற்குக் கிருமி தேவையில்லை. ஓ.சி.டி அல்லது சாப்பாட்டை மறுப்பது திடீரென்று தொடங்கி, கூடவே பயம், கோபம், நித்திரைக் குழப்பம், சலம் போகிற பிரச்சினை, படிப்பில் சரிவு போன்றவற்றில் குறைந்தது இரண்டு வகை இருந்தால் போதும். இது அறிகுறிகளை வைத்து வைத்த பெயர். காரணத்தை நிரூபித்த பிறகு வைத்த பெயர் அல்ல. ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தெரிவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சரி, மருத்துவப் பரிசோதனைகளுக்கு வருவோம். 1999இல் ஒரு ஆய்வு, 29 பிள்ளைகள். பிறருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியாக ஏற்றியவர்களுக்கும், இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றியவர்களுக்கும் ஓ.சி.டி கிட்டத்தட்டப் பாதியளவு குறைந்தது. அதை வாசித்த இரவு காணியை விற்றாவது செய்வோம் என்று மனைவியிடம் சொன்னேன். பிறகு 2016இல் வந்த ஆய்வு, 35 பிள்ளைகள். யாருக்கு இம்யூனோகுளோபுலின் மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று பெற்றோருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மருந்து ஏறிய பிள்ளைகளுக்குச் சராசரியாக 24 வீதம் குறைந்தது. வெறும் திரவம் ஏறியவர்களுக்கும் 12 வீதம் குறைந்தது. இத்தனை சிறிய கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். மருந்தால் பலன் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை, பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 12 வீதத்தைக் கவனியுங்கள். இந்த நோய் தானாக ஏறி இறங்குவது. "ஊசி போட்டோம், பிள்ளை சுகப்பட்டது" என்று ஒரு தாய் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம், ஆனாலும் ஊசியால்தான் சுகப்பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. நான் காணியை விற்கவில்லை.

டென்மார்க்கில் 2017இல் வந்த ஆய்வு வேறு மாதிரி. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகள். ஸ்ட்ரெப் உறுதியான பிள்ளைகளிடம் ஓ.சி.டி 51 வீதம் கூடுதலாக இருந்தது. இந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். நூற்றில் 51 பிள்ளைகளுக்கு வரும் என்பதல்ல, ஏற்கெனவே சிறியதாக இருந்த ஆபத்து ஒன்றரை மடங்கு ஆனது என்பதுதான். வேறு தொண்டைக் கிருமி வந்த பிள்ளைகளிடமும் ஆபத்து சற்றுக் கூடியிருந்தது. ஆக தொடர்பு இருக்கிறது, ஆனால் ஸ்ட்ரெப் மட்டும்தான் காரணம் என்று அது சொல்லவில்லை.

இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ என்ற ஸ்ட்ரெப் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து எண் கூட வந்தால் நெஞ்சு பதறும். எனக்கும் பதறியது. அண்மையில் அந்தக் கிருமி வந்து போனது என்பதைத்தான் அது சொல்கிறது. பள்ளிக்கூடம் போகிற, எந்த வருத்தமும் இல்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கும் அந்த எண் உயர்ந்திருக்கும். இரண்டு மூன்று கிழமை விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் கொஞ்சமாவது விளங்கும். வெளிநாட்டுக்கு இரத்தம் அனுப்பி மூளை எதிர்ப்பொருள் பார்க்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். அப்படி விற்கப்படும் ஒரு பரிசோதனையைச் சுவீடனில் சரிபார்த்தபோது, சுகமாக இருந்த ஆட்களில் பெரும்பாலானோருக்கும் நோய் இருப்பதாகவே காட்டியது.

இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் குழந்தை வைத்தியர் ஒருவரிடம் போனோம். அவர் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு மகனின் நெஞ்சில் கருவியை வைத்து நீண்ட நேரம் கேட்டார். கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார், நாக்கை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு எழுதினார். பிறகுதான் விளங்கியது, அவர் தேடியது வாதக் காய்ச்சலை. அதே ஸ்ட்ரெப் கிருமியால் வருவது, இதய வால்வைக் கெடுப்பது. சிடன்ஹாம் கொரியா என்ற ஆட்ட நோய் அதன் ஒரு முகம். கை கால் தன்பாட்டில் துள்ளும், குணமும் மாறும். ஸ்வீடோவின் எண்ணமே அந்த நோய் வந்த பிள்ளைகளிடம் ஓ.சி.டி இருப்பதைக் கண்டதில்தான் பிறந்தது. பாண்டாஸ் பற்றித்தான் சண்டை, வாதக் காய்ச்சல் பற்றிச் சந்தேகமே இல்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி அங்கே இதயத்தைக் காப்பாற்றுகிறது. அமெரிக்கப் பெற்றோர் எழுதியதையே வாசித்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் நாட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று தோன்றவே இல்லை.

மகனுக்கு இதயம் நன்றாக இருந்தது. தொண்டையில் கிருமி இருந்ததால் பத்து நாள் மருந்து தந்தார்கள். அதோடு ஓ.சி.டிக்கான சிகிச்சையும் உடனே தொடங்கியது. காரணம் பிடிபடும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று வைத்தியர் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் உதவியது. பயப்படுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கினார்கள். "கெடுதல் செஞ்சிட்டனா" என்ற கேள்விக்கு ஒரு தடவைதான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்களையும் பழக்கினார்கள். மாமியாருக்கு அது பெரிய கஷ்டம். முதலில் கஞ்சி, பிறகு சோறு, நான்காம் மாதம் ஒரு துண்டுப் பாரை மீன். அவனுக்கு வந்தது பாண்டாஸ்தானா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மறு வருடம் ஒரு தடிமனோடு கொஞ்சம் திரும்பி வந்தது, மூன்று கிழமையில் போனது.

உங்கள் மகளுக்கு வலிப்பு வந்தால், பேச்சுக் குறைந்தால், ஆளை மட்டுக்கட்ட முடியாமல் தடுமாறினால், கை கால் துள்ளினால் கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், இரவானாலும் கொண்டுபோங்கள். மூளையழற்சியில் எதிர்ப்பொருளால் வருகிற ஒரு வகை இருக்கிறது. 2007இல் அடையாளம் கண்டார்கள். முதலில் மனநோய் போலத்தான் தெரியும், முதுகுத்தண்டு நீரில் பார்த்து உறுதிசெய்யலாம், நேரத்தோடு மருந்து கொடுத்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், கிளினிக்குக்குப் போகுமுன் காய்ச்சல் தொடங்கிய திகதி, குணம் மாறிய திகதி, கொடுத்த மருந்து மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மகளின் பள்ளிக்கூடக் கொப்பியையும் எடுத்துப் போங்கள். நான் அச்செடுத்த ஆய்வுகளை ஓரமாக வைத்த அந்த வைத்தியர், மகனின் கொப்பியில் கார்த்திகை மாதத்துப் பக்கத்தையும் மார்கழி மாதத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோட்டில் நேராக இருந்த எழுத்து இரண்டாவது பக்கத்தில் மேலும் கீழும் அலைந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் கிளினிக் கொப்பியோடு வைக்கச் சொன்னார்.