நாலரை மணி பழம்பொரி

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 38. உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளிக்குப் போய் ஏலக்காய் பிரிக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. கல்யாணத்தப்போ 55 கிலோ இருந்தேன். மறுபடி அப்படி ஆகணும். மூன்று தடவை டயட் இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு டீயோடு ஒரு பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) தின்றுவிட்டால் போச்சு, ராத்திரி வரைக்கும் கை நிற்பதில்லை. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா? மனசை மாற்றும் சிகிச்சையில் எடை குறையும் என்கிறார்களே, நிஜமா?
- வாசகி, கம்பம்

பதில்: காலை முதல் மாலை வரை குனிந்த தலை நிமிராமல் காய் பொறுக்குகிறவருக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பழம்பொரியால் யாருக்கும் எடை ஏறிவிடாது. அதைத் தின்று கையைத் துடைக்கும்போது மனதில் ஒரு வரி ஓடுகிறதே, ‘சரி, இன்னைக்குக் கெட்டாச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று? ராத்திரி நாலு தோசையை ஏழாக்குவது அந்த வரி. அதைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பழக்குவதுதான் நீங்கள் கேட்ட சிகிச்சை. காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, சுருக்கமாக சி.பி.டி. என்பார்கள். 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை இது. எடைப் பிரச்சினைக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியது பிற்பாடுதான்.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, உண்மையிலேயே பசித்ததா, அப்போது மனதில் ஓடியது என்ன என்று உடனுக்குடன் எழுதுங்கள். ராத்திரி மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும், மீதியை நாமே மறைத்துவிடுவோம் (என் நோட்டிலும் அந்தத் திருட்டு நடந்திருக்கிறது!). உங்களைப் போலவே ஜீப்பில் போய்வரும் ஒருவர் பத்து நாள் எழுதிக்கொண்டு வந்தார். வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் காலையில் வெறும் டீ; பதினோரு மணிக்கே மதியச் சோறு; அப்புறம் சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. நாலரை மணிக்குப் பசிக்காமல் என்ன செய்யும்? மூன்றரைக்கு ஒரு டப்பா சுண்டல் என்று மாற்றினோம். பழம்பொரி தானாக வாரம் இரண்டாகக் குறைந்தது. இன்னொன்று, குமுளியில் கண்முன்னால் வறுத்துத் தரும் நேந்திரங்காய் சிப்ஸை ஆசைக்கு நூறு கிராம் வாங்குங்கள். கிலோவாக வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி அந்த 55 கிலோ. 27 கிலோ குறைய வேண்டும், அதாவது உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் உடல் பருமன் உள்ள 60 பெண்களிடம் எவ்வளவு குறைய ஆசை என்று கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 32 சதவீதம். 17 கிலோ குறைந்தால்கூட ஏமாற்றம்தான் என்றார்களாம்! சிகிச்சை முடிந்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அந்த 17 கிலோவும் எட்டவில்லை. இப்படி இலக்கு வைத்தால் ஐந்து கிலோ குறைந்தும் தோற்றதாகவே தோன்றும், விட்டுவிடுவோம்.

இந்தச் சிகிச்சையை மந்திரம் என்று விற்கவும் எனக்கு மனமில்லை. ஆக்ஸ்போர்டில் 150 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வந்தது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக எடை சுமார் பத்து சதவீதம் குறைந்தது. மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில் பெரும்பாலோருக்குத் திரும்ப ஏறிவிட்டது. குறைப்பது ஒரு வேலை, குறைந்த இடத்தில் நிற்பது வேறு வேலை.

அதனால் முதலில் 76 கிலோ. இது சுமார் 7 சதவீதம்தான். ஆனால் 2002இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்கு இதே 7 சதவீதத்தையும் வாரம் 150 நிமிட நடையையும்தான் இலக்காக வைத்தது. நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 76க்கு வந்ததும் ஆறு மாதம் அங்கேயே நில்லுங்கள். வாரம் ஒருநாள் எடை பாருங்கள். இரண்டு கிலோ ஏறினால் நோட்டைத் திரும்ப எடுங்கள்.

தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘கை நிற்பதில்லை’ என்கிறீர்களே, யாருக்கும் தெரியாமல், வயிறு வலிக்கும்வரை, வாரத்தில் பல நாள் அப்படி நடக்கிறதென்றால் டயட் எதையும் தொடங்காமல் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது தனி நோய், அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது.

இல்லையென்றால் ஒரு மாதம் எழுதிவிட்டு நோட்டோடு வாருங்கள். பழம்பொரி தின்ற நாளின் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.