வணிகவியல் கேள்வி–பதில்: செலவு முடிகிற இடமும் பொறுப்பு மாறுகிற இடமும்

கேள்வி: சி.ஐ.எஃப். (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த) விலையில் காப்பீடும் கப்பல் கூலியும் விற்பவர் தலையில்தான். அப்படியானால் இறங்கு துறைமுகம் வரை சரக்குக்கும் அவர்தானே பொறுப்பு? – பி.காம். மாணவி, ஈரோடு

பதில்: இல்லை. பலரும் சறுக்குகிற இடம் இது. தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க்குக்குப் போகிற சரக்கு என்றால், ஹாம்பர்க் வரை கூலி கட்டுவது விற்பவர். ஆனால் சரக்கு தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதுமே நட்ட அபாயம் வாங்குபவருக்குப் போய்விடுகிறது. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றுகிற சரக்கானாலும், தூத்துக்குடியில் முதலில் ஏறிய சிறு கப்பல்தான் கணக்கு. எஃப்.ஓ.பி.யிலும் (கப்பலில் ஏற்றும் வரையான செலவு மட்டும் விற்பவருக்கு) அபாயம் மாறுவது இதே இடத்தில்தான். கூலியையும் காப்பீட்டையும் யார் கட்டுவது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

ஒரு கணக்கு போடுவோம். 6,000 டி-ஷர்ட், ஒன்று எஃப்.ஓ.பி. 2.50 டாலர், மொத்தம் 15,000. கப்பல் கூலி 900 என்று வையுங்கள், இதுவரை 15,900. காப்பீடு சி.ஐ.எஃப். மதிப்பில் 110 விழுக்காட்டுக்கு எடுக்க வேண்டும், கட்டணம் 0.2 விழுக்காடு என்று கொள்வோம். 15,900-ஐ 110 விழுக்காடாக்கி அதற்கு 0.2 கண்டால் 34.98 வரும். அது தவறு. காப்பீட்டுக் கட்டணமும் சி.ஐ.எஃப்.புக்குள் அடங்கியது அல்லவா? 110 விழுக்காட்டில் 0.2 விழுக்காடு என்பது 0.0022; அதை 1-இலிருந்து கழித்தால் 0.9978. எனவே 15,900-ஐ 0.9978-ஆல் வகுக்க வேண்டும். விடை, அதாவது சி.ஐ.எஃப். மதிப்பு, 15,935.06; கட்டணம் 35.06. வித்தியாசம் 8 சென்ட்தான், ஆனால் தேர்வுத்தாளில் வழிமுறைக்குத்தான் மதிப்பெண்.

இன்னொன்று: சர்வதேச வணிக விற்பனை விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி சி.ஐ.எஃப். விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு, அதாவது ‘சி’ வகை. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்றவற்றுக்கு அது போதும். மழையில் நனைந்தாலோ, திருடு போனாலோ, பெட்டியைக் கடல் அடித்துக்கொண்டு போனாலோ பைசா வராது. பின்னலாடைக்கு ஈரம்தான் முதல் எதிரி. விவரம் தெரிந்த பையர் (வாங்குபவர்) மிக விரிவான ‘ஏ’ வகை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. உண்மையில் பொருந்தாது. யார்டில் பெட்டியை ஒப்படைத்த பிறகு கப்பல் ஏறும்வரை அது விற்பவர் கையிலும் இல்லை, பொறுப்பு மட்டும் அவர் தலையில். அங்கே எஃப்.சி.ஏ. (சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறுவது) பொருத்தம். பழக்கம் விடுவதில்லை, எஃப்.ஓ.பி. என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) இருந்தால் பணத்துக்கு வங்கியே உறுதி என்கிறது பாடநூல். பிறகு ஏன் வங்கி மறுக்கிறது? – எம்.பி.ஏ. மாணவர், கோவை

பதில்: வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறது. 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள, எல்.சி.க்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. எல்.சி.யில் ‘100% காட்டன் நிட்டட் டி-ஷர்ட்’ என்றிருக்க, இன்வாய்ஸில் வெறும் ‘காட்டன் டி-ஷர்ட்’ என்று அடித்தால் அது டிஸ்கிரெபன்ஸி (ஆவண முரண்). காப்பீட்டுப் பத்திரத்தின் தேதி சரக்கு ஏறிய தேதிக்குப் பிந்தியிருந்து, காப்பீடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதாக அதில் குறிப்பும் இல்லாவிட்டால் அதுவும் அப்படித்தான்.

அளவில் 5 விழுக்காடு கூடக்குறைய இருக்கலாம் என்ற விதியை நம்பி 6,000-க்குப் பதில் 6,120 பீஸ் அனுப்புவார்கள். அந்தச் சலுகை கிலோவில் விற்கிற நூலுக்கு உண்டு. எண்ணி விற்கிற பீஸுக்குக் கிடையாது.

காலக்கெடு இரண்டு. எல்.சி.யில் வேறு நாள் சொல்லாவிட்டால், சரக்கு ஏறி 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். மார்ச் 1 ஏறினால் மார்ச் 22. ஆனால் எல்.சி. மார்ச் 15-இல் காலாவதியானால் 15-தான் கடைசி. கொடுத்த பிறகு சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாள்.

பிழை இருந்தால் வங்கி பையரிடம் ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்கலாம். சந்தையில் விலை இறங்கியிருந்தால் தள்ளுபடி கேட்க அவருக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆகவே எல்.சி. கைக்கு வந்த அன்றே, துணி வெட்டுவதற்கு முன், ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். காலாவதி எந்த ஊர் வங்கியில் என்று பாருங்கள். வெளிநாட்டில் என்றால் கூரியர் போகிற நாளும் உங்கள் கணக்கில் கழியும். பையரே கையெழுத்திட வேண்டிய ஆய்வுச் சான்றிதழ் கேட்டிருந்தால் உஷார்: அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்குப் பணம் இல்லை. திருத்தம் கேட்டு வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: பொருளியல் அறிஞர் ரிக்கார்டோவின் உதாரணத்தில் ஒயின், துணி இரண்டையும் போர்ச்சுகலே குறைந்த ஆட்களைக் கொண்டு செய்கிறது. அது ஏன் இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்? – பி.ஏ. பொருளியல், மதுரை

பதில்: 1817-இல் அவர் தந்த எண்களையே எடுங்கள். குறிப்பிட்ட அளவு ஒயினுக்கு போர்ச்சுகலில் ஓராண்டுக்கு 80 ஆள் உழைப்பு, துணிக்கு 90. இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால், போர்ச்சுகல் 80 ஆள் உழைப்பைக் கொடுத்து 90 ஆள் செய்ய வேண்டிய துணியைப் பெறுகிறது. இங்கிலாந்துக்கு 20 ஆள் மிச்சம். விடையில் ‘குறைந்த செலவு’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது ஆடம் ஸ்மித்தின் முற்றுமுழு நன்மை. ஒன்றைச் செய்ய இன்னொன்றில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை எழுதினால்தான் அது ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மை.

கேள்வி: ஒரே பொருளை எல்லா நாட்டிலும் மாற்றாமல் விற்க முடியாதா? – பி.பி.ஏ. மாணவி, திருப்பூர்

பதில்: டி-ஷர்ட்டை மாற்றாமல் விற்கலாம், லேபிளை முடியாது. அமெரிக்காவுக்கு என்றால் உற்பத்தி நாட்டின் பெயர் கழுத்தின் உள்பக்கம் நடுவில் வர வேண்டும். இழை விகிதம், துவைக்கும் முறை, பொறுப்பான நிறுவனத்தின் அடையாளமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இழை விகிதம் கட்டாயம், அதுவும் விற்கிற நாட்டின் மொழியில். ஜெர்மனிக்குத் தைத்து வைத்ததைக் கடைசி நேரத்தில் நியூயார்க்குக்குத் திருப்பினால், 6,000 கழுத்தையும் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.